உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை

படம் தூக்குகிற வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மிகவும் சந்தோசம். முருகன் உங்கள் முதுகையும் முழங்காலையும் காப்பாற்றட்டும். மற்றதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பென்ரோஸில் நம்முடைய கிடங்குக்கு இப்போது தமிழ்ப் பிள்ளைகள் சிலர் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று என்னோடு வேலை செய்த செல்வம் சொன்னான். "நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்கண்ணே, பசங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்க" என்றும் சொன்னான். சும்மா இருக்கிறேனாம். விடிந்தால் சுவாமிக்குப் பூ ஆய வேண்டும், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், மனைவி சொன்ன சாமான் எதையாவது மறந்துவிட்டுத் திரும்பவும் கடைக்கு ஓட வேண்டும். வேலைக்குப் போன காலத்தில் இவ்வளவு வேலை இருக்கவில்லை.

பெட்டி அடிப்பது, நீலக் கையுறை போடுவது, ரசமட்டம் பிடித்துப் படத்தை நேராக்குவது எல்லாம் அங்கேயே காட்டித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. எழுதவும் வராது. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். அகதியாக இங்கே வந்து, முதலில் மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றி இறக்கி, பிறகுதான் இந்தத் தொழிலுக்குள் விழுந்தேன். ஆனால் அருங்காட்சியகங்களுக்கும் காட்சிக்கூடங்களுக்கும் ஓவியங்களைக் கொண்டுபோய் மாட்டிக் கழற்றியே தலை நரைத்துவிட்டது. அதனால் ஒன்றிரண்டு சொல்லலாம்.

எங்களுக்கு ஒரு ஃபோர்மன் இருந்தார். வாய் திறந்தால் காசு கொட்டிவிடும் என்று நினைக்கிற மனிதர். ஒரு நாள் நானும் இன்னொருவரும் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடு மண்டபத்தில் நின்று, எந்தச் சுவருக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தோம். பாரம் கையை இழுக்கத் தொடங்கிவிட்டது. அவர் ஓடி வரவில்லை, கத்தவும் இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, கதை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வைக்கிற இடம் தெரியாமல் இனித் தூக்குவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இடம் பார்க்காமல் தூக்கியதில்லை.

தூக்குவதில் வரும் பிழை அப்படி. தூக்காமல் விடுவதாலும் பிழை வரும். நான் சொல்ல வந்தது அந்தக் கதைதான்.

நகரத்து நடுவில் ஒரு காட்சிக்கூடம். பெயர் வேண்டாம். பசிபிக் தீவுகளின் அரச குடும்பத்தாரைப் பழைய காலத்தில் வெள்ளைக்கார ஓவியர்கள் கப்பலில் போய் வரைந்த படங்களை, வெளிநாடுகளிலிருந்து இரவல் வாங்கி ஒரு கண்காட்சி வைத்தார்கள். பெட்டிகளைத் திறந்து மாட்டுகிற வேலை எனக்கும் செல்வத்துக்கும். செல்வம் மதுரைக்காரன். என்னைவிட வயதில் நிறையக் குறைவு, வாய் என்னைவிட நிறைய நீளம்.

அந்த மாதிரிப் படங்களை நீங்களும் மாட்ட வேண்டி வரும். ஒன்று கவனித்துப் பாருங்கள். நம் ஊர் ராசா படம் என்றால் மீசை முறுக்கி, கையில் வாள் பிடித்து, காலடியில் புலி கிடக்கும். இவை அப்படி இல்லை. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பொலிசில் பிடித்து எடுத்த படம்போல இருக்கும். அந்த ஓவியர்கள் பலர் ராசாவை வரையப் போகவில்லை. இந்தத் தீவுச் சனம் எப்படி இருக்கும் என்று தங்கள் ஊர்க்காரருக்குக் காட்டத்தான் போனார்கள். அதற்கு ராசாதான் வசதியாக உட்கார்ந்திருந்தார் போலும்.

எல்லாவற்றிலும் பெரிய படம் ஒரு அரசியுடையது. குக் தீவுகள் பக்கத்தில் ஒரு சிறிய தீவு. கழுத்துவரை மூடிய கறுப்பு உடுப்பு, தேவாலயத்துக்குப் போகிற உடுப்பு. கை இரண்டும் மடியில். நெற்றி விரிந்த, சிரிக்காத முகம். உடுப்புக்குக் கீழே வெறுங்கால். சட்டத்தில் அடித்திருந்த பித்தளைத் தகட்டில் பெயர் இல்லை. "தீவு அரசி, முன்தோற்றம்" என்று பொறித்திருந்தது. முன்தோற்றமாம். வீடு கட்டுகிறவர்கள் வரைபடத்துக்கு எழுதுவதுபோல.

நாங்கள் அவரைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று பொறுப்பாளர் வந்து, "நாளை மாமா பார்க்க வருகிறார், ஒரு நாற்காலி போடுங்கள்" என்றார். கண்காட்சியை ஏற்பாடு செய்தவர் அந்தப் பெண்மணிதான். படித்தவர், பண்பானவர், எங்களுக்கும் தன் கையாலேயே கோப்பி போட்டுத் தருவார்.

அடுத்த நாள் நான் நாற்காலி போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூப்போட்ட பெரிய உடுப்பும் ஓலைத் தொப்பியுமாக வயதான பெண் ஒருவர் வந்தார். நாற்காலியில் உட்காரப் போனார். செல்வம் குறுக்கே போய், "அது மாமாவுக்குப் போட்டது மேடம்" என்றான்.

"நான்தான் மாமா" என்றார் அவர்.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவர்கள் தீவில் வயதான பெண்களை மரியாதையாக "மாமா" என்றுதான் அழைப்பார்களாம். வயதான ஆண்கள் "பாப்பா".

"அண்ணே, மாமான்னா பொம்பள, பாப்பான்னா கெழவன். நம்ம வீட்டுல போய் சொன்னா அடிக்க வருவாங்க" என்று செல்வம் தமிழில் முணுமுணுத்தான்.

"வாயை மூடும். சிரிச்சா அவ பிழையா நினைப்பா."

மாமா அரசியின் வழித்தோன்றல். மங்கரேயில் பெரிய குடும்பமாக இருக்கிறார்கள். அந்தப் படத்தை அவர்களில் ஒருவரும் அதுவரை கண்ணால் கண்டதில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து படத்துக்குக் கிட்டப் போய், அரசியின் முழுப்பெயரைச் சொன்னார். நீண்ட பெயர். மண்டபம் முழுக்கக் கேட்டது. பித்தளைத் தகட்டுக்கும் கேட்டிருக்கும். அதன்பிறகு கண் கீழே போனது.

அவர் கதைத்தது இங்கிலீசில். நான் என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன்.

"சப்பாத்து எங்க?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"அவவிட்டைச் சப்பாத்து இருந்தது. கப்பல்ல வந்த சப்பாத்து, குதி வைச்சது. இந்தப் படக்காரன் வந்து இறகு கட்டு, ஓலை உடுத்து எண்டு கேட்டவனாம். என்ர வீட்டுக்கு வந்து என்னையே உடுப்புக் கழட்டச் சொல்லுறியோ எண்டு போட்டு, தேவாலய உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்து இருந்தவ. இந்தக் கதை எங்கட வீட்டில எல்லாருக்கும் தெரியும். அந்தக் கள்ளன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கீறியிருக்கிறான்!"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கோபத்தைச் சிரித்துத் தீர்க்கிற சனம் அது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை.

இனிக் கதைக்கு வருகிறேன். அந்தக் கண்காட்சியில் பழைய ஓவியங்களின் வரிசை முடிகிற இடத்தில் ஒரேயொரு புதுப் புகைப்படம் மாட்டவேண்டி இருந்தது. அது மாமாவின் தம்பியுடையது. அரசியின் பட்டம் இப்போது அவரிடம். எல்லாரும் அவரைப் பாப்பா என்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். அவருடைய பேத்தி எடுத்த படம். அரசி இருந்த அதே மாதிரி நேராக, கை மடியில், சிரிக்காத முகம். காலில் மட்டும் பளபளவென்று மினுக்கிய பெரிய கறுப்புச் சப்பாத்து. பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிழவர் ஓவியனுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தப் படம் சுவரேறுவது லேசில் நடக்கவில்லை. பட்டம் யாருக்கு என்று குடும்பத்தில் இரண்டு வீட்டுக்காரருக்கும் பல வருட இழுபறி. மற்ற வீட்டார் பாப்பாவை ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய படத்தை அரசர்களோடு வரிசையில் வைக்கக் கூடாது என்று நின்றார்கள். பொறுப்பாளர் இரண்டு பக்கத்தோடும் மாறி மாறிக் கதைத்து, தேத்தண்ணி குடித்துக் குடித்து, கடைசியில் ஒருமாதிரி இணங்க வைத்தார். பாப்பாவுக்கோ சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் பாதி நாள் வைத்தியசாலையில் இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு போய்விடும். தன் கொள்ளுப்பாட்டியை ஒரு தடவை நேரில் பார்த்து, அவர் வரிசையில் தானும் இருப்பதை எல்லார் முன்னாலும் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை.

பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால், குடும்பத்தாருக்கென்று ஒரு காலை ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் வருகிறார்கள். பாப்பா சக்கர நாற்காலியில் வருகிறார்.

அன்று காலை மாமா ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே மாலைகள். உயிர்ப்பூவுக்கு அனுமதி இல்லை. ஈரமும் பூச்சியும் ஓவியத்துக்கு ஆகாது. ஆகவே சிப்பி மாலை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் சிப்பிகளைத் தீவுப் பெண்கள் ஊசியால் துளைத்துக் கோத்தவை. கையில் எடுத்தால் மழை தூறுவதுபோல ஒரு சத்தம் வரும். மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் கட்டி, சட்டத்தில் படாமல், ஆனால் படத்தில் இருப்பவரின் கழுத்தில் விழுவதுபோலத் தொங்கவிட வேண்டும். "எல்லாப் படத்துக்கும் ஒவ்வொன்று" என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் விருந்தாளிகளை வரவேற்கக் கீழே போய்விட்டார்.

மாலை போடுகிற வேலையென்றால் நமக்குச் சொல்லியா தரவேண்டும்? நானும் செல்வமும் கடகடவென்று போட்டுக்கொண்டு வந்தோம். ராசா, ராசாவின் தம்பி, இளவரசி, அரசி. அரசிக்குப் போடும்போது என் வாயில் தானாகவே தேவாரம் வந்தது. செத்துத் தெய்வமானவர்கள்தானே.

கடைசிப் படத்துக்கு முன்னால் ஏணியை வைத்த செல்வம் ஏறவில்லை.

"அண்ணே, இவரு உசிரோட இருக்காரே."

நான் பெட்டியைப் பார்த்தேன். ஒரு மாலை மிச்சம் இருந்தது.

"கணக்குத் தெரியாம ஒண்டு கூட வைச்சிட்டினம்போல" என்றேன்.

"ஆமாண்ணே. உசிரோட இருக்குற மனுசன் போட்டோவுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா? அதுவும் உடம்பு முடியாதவரு. இப்ப வந்து பாத்தா நெஞ்சு நின்னுடாது?"

உங்களுக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும்? நம் வீட்டில் ஒரு படத்துக்கு மாலை விழுந்தால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். மறுபேச்சே இல்லை. நோயாளியின் படத்துக்கு என் கையால் மாலை போடுவதா? சிவ சிவா. இரண்டு பேரும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு மிச்ச மாலையைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் பிழை. சந்தேகம் இருந்தால் நாம் கேட்போம். சந்தேகமே இல்லாதபோது கேட்க மாட்டோம்.

கொஞ்ச நேரத்தில் மாமா மேலே வந்தார். மற்றவர்கள் வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வரிசையாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். அரசிக்கு முன்னால் நின்று கன்னத்தைத் துடைத்தார். கடைசிப் படத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் சொன்னது?" குரல் தணிவாக இருந்தது. சிரிப்பு இல்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது.

"என்ன மாமா?"

"என்ர தம்பிக்குப் போட வேண்டாமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அந்த வீட்டு ஆக்கள் வந்தவையோ? அவைதான் சொன்னவையோ?"

அப்போதுதான் அந்தச் சுவரை நான் அவருடைய கண்ணால் பார்த்தேன். எல்லார் கழுத்திலும் மஞ்சள் மாலை மினுங்குகிறது. ஒரே ஒரு கழுத்து மொட்டையாக இருக்கிறது. இவன் இந்த வரிசையில் சேர்ந்தவன் இல்லை என்று எழுதி ஒட்டியதுபோல. மற்ற வீட்டார் இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததை நானும் செல்வமும் ஒரு வார்த்தை பேசாமல் சுவரில் செய்து வைத்திருக்கிறோம்.

செல்வம் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "மாலை ஒண்ணு கொறஞ்சிருச்சுன்னு சொல்லிருவோம்ணே" என்று மெதுவாகச் சொன்னான்.

சொல்லியிருக்கலாம். பெட்டி மூடித்தான் இருந்தது. ஆனால் பொய் சொன்னால், மாலையைக் குறைவாக அனுப்பிய பழி மாமாவின் தலையில் விழும். கோத்தவர்களே அவருடைய தம்பியை மறந்துவிட்டார்கள் என்றாகிவிடும். வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகக் கோயிலுக்குப் போகிற நான் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? முருகா என்று சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"மாமா, மாலை இருக்கு. ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. நாங்கள்தான் போடாமல் விட்டது. எங்கட ஆக்கள் ஒரு படத்துக்கு மாலை போட்டா, அந்த ஆள் செத்துப்போனார் எண்டு அர்த்தம். உயிரோட இருக்கிறவற்ற படத்துக்குப் போடவே மாட்டம். போட்டா ஆகாது எண்டு நினைப்பம். உங்கட தம்பிக்கு அப்பிடிச் செய்ய எங்களுக்குக் கை வரேல்லை."

மாமா என்னைப் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருடைய முகத்திலும் என்ன தெரிந்ததோ.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் அவனைச் சாகாமல் காப்பாத்திக்கொண்டு நிண்டிருக்கிறியள்" என்றார்.

"ஓம்."

அவ்வளவுதான். தொடங்கிவிட்டது சிரிப்பு. கிட்டக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார். "எங்களிட்டை வெறுங்கழுத்துத்தான் அனாதை. செத்தவனோ இருக்கிறவனோ, எங்கட ஆள் எண்டால் கழுத்தில மாலை இருக்கும். கெதியாப் போடுங்கோ!"

செல்வம் தங்கூசியை எடுத்து ஏணியில் கால் வைத்தான். அப்போது லிப்ட் மணி அடித்தது.

இந்த இடத்தில்தான் உங்கள் மூளை வேலை செய்யவேண்டும் பிள்ளைகளே. அவசரத்தில் கை ஓடும். கையை ஓட விடாதீர்கள். எனக்கு அந்த நேரத்தில் ஃபோர்மன் நாற்காலியைப் போட்டு முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. வைக்கிற இடம் தெரியுமா உனக்கு? இப்போது ஏணியில் ஏறினால் உள்ளே வருகிற எல்லாரும் என்ன பார்ப்பார்கள்? பாப்பாவுக்கு மட்டும் கடைசி நேரத்தில், மாமா சண்டை பிடித்து மாலை போட வைத்திருக்கிறார் என்று. போடாமல் விட்டதைவிட அது மோசம்.

"செல்வம், இறங்கும்" என்றேன். மாலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெள்ளை டிஷ்யூத் தாளை விரித்து அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லிப்ட் வாசலுக்கு நடந்தேன். கோயிலுக்குப் பெரியவர் ஒருவர் வந்தால் நாம் என்ன செய்வோம்? வாசலிலேயே மாலை மரியாதை செய்து கூட்டிவருவோம். படத்துக்குத்தானே எனக்குப் பயம். ஆளுக்கு என்ன பயம்?

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் பாப்பா. படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் அந்தப் பெரிய கறுப்புச் சப்பாத்தைப் போட்டிருந்தார். லேஸ் கட்ட முடியாமல் திறந்து கிடந்தது. பின்னால் பேத்தி, பொறுப்பாளர், இரண்டு வீட்டுச் சனமும். நான் குனிந்து கும்பிட்டு, மாலையை அவர் கழுத்தில் போட்டேன்.

மாமா என் யோசனையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். பின்னால் நின்று, அரசியின் பெயரைத் தொடங்கி, அவர் மகன், அந்த மகனின் மகள் என்று இறங்கிவந்து, பாப்பாவின் பெயரில் முடித்துக் குரல் எடுத்தார். பெண்கள் பாடத் தொடங்கினார்கள். மற்ற வீட்டாரும் நின்றார்கள். பாடவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றினார்கள்.

பாப்பா அரசிக்கு முன்னால் நெடுநேரம் இருந்தார். அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். தன் சப்பாத்துக் காலைச் சற்று முன்னுக்கு நீட்டிவைத்தார்.

பிறகு தன்னுடைய படத்துக்கு முன்னால் வந்தார். மாமா அவர் காதில் எங்கள் கதையைச் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். பாப்பாவின் தோள் குலுங்கியது. இருமலா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புத்தான்.

கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "இந்தா, போடு" என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. வாங்கினேன். ஆனால் கால் ஏணிக்குப் போகவில்லை. பெரியவர் பார்த்துவிட்டார். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து, ஏணியின் ஒரு காலை இறுக்கிப் பிடித்தார்.

"ஏறு. ஏணியை நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். நான் செத்தால் ஏணி ஆடும். உனக்கு உடனேயே தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். அப்போது எனக்கு ஒன்று பிடிபட்டது. இது செத்த ஆளுக்குப் போடுகிற மாலை இல்லை. சுவாமி கழுத்திலிருந்து கழற்றி நமக்குத் தருவார்களே, அது மாதிரி, ஒரு உயிருள்ள கழுத்தின் சூட்டோடு வந்த மாலை. சிப்பி இன்னும் சுட்டது. நூலை முடிந்து, மாலை நேராக விழுகிறதா என்று குனிந்து பார்த்தபோது ஏணியின் மற்றக் காலிலும் ஒரு கை இருந்தது. மற்ற வீட்டுப் பெரியவர். நோயாளி ஒருவர் தனியாக ஏணி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு மனம் வரவில்லையோ, நான் விழுந்தால் தன் தலையில் விழுவேன் என்று பயந்தாரோ, தெரியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் ஏணி ஆடவில்லை.

அதோடு பட்டத்துச் சண்டை தீர்ந்துவிட்டது என்று நான் கதை விடப்போவதில்லை. இன்றும் இழுபடுகிறது என்றுதான் கேள்வி. ஆனால் அந்தக் காலையில் அந்தச் சுவரில் வெறுங்கழுத்து ஒன்றும் இருக்கவில்லை. அதை இரண்டு வீட்டாரும் பார்த்தார்கள்.

பிறகு நான் பொறுப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர், "ஏன் மாலை என்று நானும் உங்களுக்குச் சொல்லவில்லையே" என்றார். அவர் அப்படித்தான். இப்போது நான் உங்களுக்குச் சொல்வது இதுதான்: கெட்ட எண்ணத்தோடு செய்கிறதை நாம் நூறு பேரிடம் மறைப்போம், அதனால் அது நமக்கே தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்யாமல் விடுகிறது நமக்கே தெரியாது. ஒன்றைப் போடவேண்டாம், மாட்டவேண்டாம், மூடிவைக்கலாம் என்று உங்கள் மனச்சாட்சி சொன்னால், நல்லது, மனச்சாட்சி இருக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் படத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெட்கமாக இருந்தால் செல்வத்தை அனுப்புங்கள். அவனுக்கு வெட்கம் கிடையாது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

நான் ஓய்வு பெற்று ஒரு கிழமை ஆகியிருக்கும். பிளாக்ஹவுஸ் பேயில் கோழி வாங்கவா மீன் வாங்கவா என்று கடைகளுக்குள் சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்து கத்தரிக்காயோடு வீட்டுக்கு வந்தேன். வாசல் திறந்து கிடந்தது. மனைவி உள்நடையில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிவரப் பொதி பிரித்த தாள். சுவரில் சாய்த்து வைத்தபடி என் படம். ஆளுயரத்தில் பாதி, நல்ல சட்டம் போட்டு. ஏணியில் நின்று, நீலக் கையுறையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நான். கீழே ஏணிக்காலைப் பிடித்தபடி கிழவர் ஒருவரின் கை. அன்று பாப்பாவின் பேத்தி எடுத்திருக்கிறாள்.

அதற்கு மேலே, என் கழுத்தில் விழுவதுபோல, மஞ்சள் சிப்பி மாலை.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள் மனைவி. அவள் என்னைக் கண்டு அவ்வளவு சந்தோசப்பட்டதைக் கலியாணத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த நொடியே கோபம் வந்துவிட்டது. "ஆர் இந்த வேலை பார்த்தது? உயிரோட இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கினம்! நீங்கள் ஆரோடையும் கொழுவிச் சண்டை பிடிச்சனீங்களோ?"

மகளைப் போனில் கூப்பிட்டு அழுதாள். ஒலிபெருக்கியில் மகள், "அம்மா, அப்பா இஸ் ஸ்டாண்டிங் நெக்ஸ்ட் டு யூ" என்றாள். "அது எனக்குத் தெரியும்! மாலையும் நிக்குதே!" என்றாள் இவள்.

நான் கதையை முழுவதும் சொன்னேன். கேட்டாள். ஆனாலும் படத்தை மாட்ட விடமாட்டேன் என்று நின்றாள். மாலையைக் கழற்றிவிட்டு மாட்டலாம் என்றாள். கழற்றினால் அந்தச் சனத்துக்கு அது என்னவென்று எனக்குத்தானே தெரியும். வழியில்லாமல் மங்கரேக்குப் போன் எடுத்தேன். பாப்பாவே எடுத்தார். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் ஆள் அப்படியேதான் இருந்தார்.

"படம் வந்ததோ?"

"வந்தது பாப்பா. மனுசி பயந்துபோனா. மாட்ட விடுறா இல்லை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருமல், சிரிப்பு.

"அதுக்கென்ன" என்றார். "அவவை ஏணி பிடிக்கச் சொல்லு."

அப்படியே செய்தோம். முதலில் மாலையைத் தன் கையாலேயே என் கழுத்தில் போட்டாள். சுவாமி அறைக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசினாள். பிறகு கழற்றித் தந்தாள். நான் ஏணியில் ஏறினேன். அவள் கீழே நின்று, ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இறுக்கிப் பிடிச்சிருக்கிறன். விழுந்து கிழுந்து தொலையாதேங்கோ, பிறகு அந்த மாலை உண்மையாப் போயிடும்" என்றாள்.

ரசமட்டம் வைத்து நேராக்கி மாட்டினேன். உள்நடையில், வாசலைப் பார்த்தபடி. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஒரு கரைச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. புதிதாக வீட்டுக்கு வருகிற தமிழ்ச்சனம் வாசலில் அந்தப் படத்தைக் கண்டவுடன் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அப்படியே நின்றுவிடுகிறார்கள். முகம் மாறி, மனைவியின் கையைப் பிடித்து, "ஐயோ அக்கா, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, எப்ப நடந்தது?" என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நான் குசினிக்குள் இருந்து தேத்தண்ணித் தட்டோடு வெளியே வர வேண்டியிருக்கிறது. இதுவரை இரண்டு கோப்பை உடைந்திருக்கிறது. இரண்டும் நான் நீட்ட, வந்தவர்கள் வாங்கிய கையிலிருந்துதான். நான் வைக்கிற இடம் பார்த்துத்தான் தூக்குகிறவன்.

நீங்களும் ஒரு நாள் வாருங்கள். உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன், ஆகவே கோப்பையைப் பயமில்லாமல் கையில் தரலாம்.